பிடியும் விடுப்பும்

கரும்பு அரவைக் காலத்தில் கீழப்பழுவூர்ச் சாலையோரம் சற்று நேரம் நிற்பவர் இக்காட்சியைக் காணாமல் இருக்க முடியாது. டிராக்டரின் பின்புறக் கொக்கியும் டிரெய்லரின் முன்புற வளையமும் நேர்ப்பட்டவுடன், ஓட்டுநர் இறங்கிவந்து கனத்த இரும்பாணி ஒன்றை மேலிருந்து செருகுகிறார். பின்னர் அவ்வாணியின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளையில் வளைந்த கம்பி ஒன்றை மாட்டுகிறார். பல டன் கரும்பை இழுப்பது ஆணி. மேடு பள்ளங்களில் துள்ளி வெளியேறாதபடி அந்த ஆணியைக் காப்பதோ சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத அக்கம்பி. அது தொலைந்துபோன நாளில் கரும்புத் தோகையைத் திரித்துக் கட்டிவிட்டுப் புறப்படுவோரையும் கண்டிருக்கிறேன். அவ்வாறு புறப்பட்ட வண்டிக்குப் பின்னால் மிதிவண்டியில் செல்லும் பள்ளிப் பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன்.

பெருந்தேரின் அச்சாணியை வள்ளுவர் உவமையாக்கியது நாம் அறிந்ததே. உருவத்தின் சிறுமை கண்டு எள்ளாதிருக்க அவர் அதனைச் சுட்டினார். அச்சாணிக்கு ஒரு வேலைதான் உண்டு: கழலாமல் இருத்தல். டிரெய்லர் ஆணிக்கு இரண்டு வேலைகள். சாலையில் பிடித்திருக்க வேண்டும். ஆலையை அடைந்ததும் கையோடு கழன்றுவரவும் வேண்டும். பிடிப்பதற்கும் விடுவதற்கும் உரிய நேரத்தை அறிந்து செயல்படும் பொருளை உருவாக்குவதே பொறியியலின் கடினமான பணி என்பது என் கருத்து. அதனை நாட்டுக்குப் பெரும் விலைகொண்டு உணர்த்திய நிகழ்வு ஒன்று, வயல்வெளிகளுக்குத் தொலைவில், வங்கக் கடலோர ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்தது.

2010ஆம் ஆண்டு டிசம்பர் 25. ஏறத்தாழ 50 மீட்டர் உயரமும் 400 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட ஜி.எஸ்.எல்.வி. எஃப்06 ஏவூர்தி, 2310 கிலோ எடையுள்ள ஜிசாட்-5பி என்னும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. முதல் 47.5 நொடிகள் யாவும் முறையாக நிகழ்ந்தன. அதன்பின் ஏவூர்தி தன் திசையில் நிலைகொள்ள இயலாமல் சாய்ந்தது. காற்றின் அழுத்தம் அதன் உடலை முறித்தது. 64ஆவது நொடியில், பாதுகாப்பு விதிகளின்படி, அதனை அழிக்கும் கட்டளை தரையிலிருந்து அனுப்பப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் ஏவப்பட்ட மற்றொரு ஜி.எஸ்.எல்.வி.யும் தோல்வியுற்றிருந்ததால், அன்றைய ஏமாற்றம் இருமடங்காயிற்று.

இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ஜி. மாதவன் நாயர் தலைமையிலான குழு காரணத்தை ஆராய்ந்தது. பழுது இயந்திரத்திலும் இல்லை, எரிபொருளிலும் இல்லை, கணினியிலும் இல்லை. ரஷ்யக் கிரையோஜெனிக் அடுக்கின் அடிப்பகுதியில், பணிமனைகளில் கனெக்டர் என வழங்கும் மின் இணைப்பிகள் 10 இருந்தன. அவை உரிய நேரத்துக்கு முன்பே பிடுங்கிக்கொண்டு பிரிந்துவிட்டன.

இதன் பொருளைச் சற்று விளக்க வேண்டும். ஏவூர்தியின் மூளையாகிய கணினி உச்சிக்கு அருகில் உள்ளது. அது கட்டளையிட வேண்டிய நான்கு பக்கவாட்டு உந்திகளோ அடியில் உள்ளன. இடையே நீண்ட கம்பிகள் செல்கின்றன. ஆயினும் ஏவூர்தி ஒரே உடலாக இறுதிவரை செல்வதில்லை. எரிந்து முடிந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டே மேலேறுகிறது. ஆகவே, அடுக்குகள் பிரியும் இடங்களில் கம்பிகளும் பிரிய வேண்டும். அங்கேதான் இணைப்பிகள் வைக்கப்படுகின்றன. எஃப்06இல் அவ்விணைப்பிகள் 292ஆவது நொடியில், கட்டளை கிடைத்த பிறகே பிரிய வேண்டும். 47.8ஆவது நொடியிலேயே அவை பிரிந்தன. கணினி கட்டளைகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. கேட்பதற்குத்தான் கீழே எவரும் இல்லை. இணைப்பிகளின் ஒரு முனையைத் தாங்கியிருந்த உறை, பறத்தலின் விசையால் சற்றே உருமாறி அவற்றை இழுத்திருக்கக்கூடும் என்பது ஆய்வு சென்றடைந்த முடிவு.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் வினவலாம்: அவ்வளவு எளிதில் பிரியும் பொருளை ஏன் வைத்தார்கள்? இன்னும் இறுக்கமாகப் பூட்டியிருக்கலாமே? இறுக்கமாகப் பூட்டினால் 292ஆவது நொடியில் அது பிரியாது. பிரியாத இணைப்பி, கழன்றுவிழ வேண்டிய அடுக்கை விடாமல் பற்றிக்கொண்டு ஏவூர்தியையே அழித்துவிடும். முன்னதாக விட்டாலும் அழிவு, பிந்திப் பிடித்தாலும் அழிவு. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள குறுகிய வழியில்தான் இணைப்பியை வடிவமைப்பவர் நடக்கிறார். அதிர்வு, வெப்பம், காற்றின் அழுத்தம், வெற்றிடம் ஆகிய அனைத்தையும் அவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தாக வேண்டும். மின்தொடுமுனைகளுக்குப் பொன் பூசுவது அழகுக்காக அன்று; பொன் துருவேறாது, மின்னோட்டத்துக்குத் தடைபோடாது என்பதற்காக. ஊசிகளையும் குழிகளையும் ஒரே ஒரு வகையில் மட்டும் பொருந்துமாறு அமைப்பது, அவசரத்தில் மாற்றிச் செருகும் கையின் பிழையை முன்னரே தடுப்பதற்காக. விமானத்தின் திருகு மறைகளில் முறுக்கிக் கட்டப்படும் மெல்லிய கம்பியைக் காண நேர்ந்தால் உற்று நோக்குங்கள். மறை தளர முயன்றால் அக்கம்பி அதனை இறுக்கும் பக்கமாக இழுக்குமாறு கட்டப்பட்டிருக்கும். நம் டிரெய்லர் ஆணியின் கம்பிக்கு அது உடன்பிறப்பு.

தோல்விக்குப் பின் நிகழ்ந்ததே நான் மாணவர்க்குச் சொல்ல விரும்புவது. 2011இல் ஜி.எஸ்.எல்.வி. திட்டத்தின் பொறுப்பு கே. சிவனிடம் வந்தது. குமரி மாவட்டம் சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பயின்றவர் அவர். அடுத்த ஏவூர்தியான டி5இல் கீழ் உறை புதிதாக வடிவமைக்கப்பட்டது. கம்பிகள் செல்லும் புறக்குழாய் கூடுதல் விசையைத் தாங்குமாறு மாற்றப்பட்டது. பறக்கும்போது அவ்வுறை எவ்வாறு அசைகிறது என்பதைப் பார்ப்பதற்கென்றே ஒளிப்படக்கருவிகள் பொருத்தப்பட்டன. 2013 ஆகஸ்டு 19 அன்று, ஏவுவதற்கு 74 நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையில், இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிந்தது. நாடே நோக்கியிருந்த அந்நேரத்தில் ஏவுதல் நிறுத்தப்பட்டது. ஏவூர்தி கொட்டகைக்குத் திரும்பியது. கசிந்த அடுக்குக்கு மாற்றாகப் புதிய அடுக்கு பொருத்தப்பட்டது. 2014 ஜனவரி 5 அன்று, இந்தியாவிலேயே உருவான கிரையோஜெனிக் இயந்திரத்துடன் அது ஜிசாட்-14ஐ உரிய பாதையில் சேர்த்தது.

நம் பாடநூல்கள் இவ்வெற்றியைச் சொல்லும். சிவனின் இளமைக்கால வறுமையைச் சொல்லும். பத்து இணைப்பிகளைச் சொல்லுமா என்பது ஐயமே. அறிவியலாளர் வரலாறு என்றால் ஏழ்மை, விடாமுயற்சி, விருது என்னும் மூன்று படிகளில் எழுதி முடிக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நானும் அவ்வாறு எழுதியவனே. ஆகையால் பிறரை மட்டும் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆயினும் அம்முறை மாணவரை வியக்கச் செய்கிறதே அன்றி, வினவச் செய்வதில்லை. உடைந்த பொருளைக் கையில் எடுத்து, எந்த நொடியில், எந்த விசையால், ஏன் உடைந்தது என்று கேட்பதும் கண்டுபிடிப்பே. அக்கேள்விக்கான விடையை மறைக்காமல் ஊரறிய வெளியிட்டதை, ஏவூர்தியை ஏவியதற்கு இணையான செயலாகவே கருதுகிறேன்.

வெற்றிக்கதைகளில் இடம்பெறாத அறிவு எத்தகையது என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி ஒன்று நடுவானில் பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானியின் உடல் பாதிக்குமேல் வெளியே இழுக்கப்பட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி விமானத்தைத் தரையிறக்கினார். வியப்புக்குரிய வகையில் அனைவரும் உயிர் பிழைத்தனர். முந்தைய நாள்தான் அக்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது. பொருத்திய 90 மறையாணிகளுள் 84, வேண்டிய விட்டத்தைவிட ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் சிறியவை. அட்டவணையைப் புரட்டாமல், பழைய ஆணியோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்ததன் விளைவு அது. கண்ணளவு நமக்கும் மிகப் பழக்கமான அளவுகோல்தான்.

விண்ணூர்திப் பொறியாளரின் அறிவு தரைக்கு இறங்கிவந்த கதையையும் சொல்ல வேண்டும். சுவீடன் நாட்டு நில்ஸ் போலின், சாப் நிறுவனத்தில் போர்விமானங்களுக்கான உயிர்காப்பு இருக்கைகளை வடிவமைத்தவர். இடர் நேர்கையில் விமானியை இருக்கையோடு வெளியே வீசி எறிந்து காக்கும் பொறி அது. 1958இல் அவர் வால்வோ மகிழுந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அதற்குமுன் மகிழுந்துகளில் இடுப்பை மட்டும் சுற்றும் பட்டைகள் இருந்தன. மோதலின்போது மேலுடல் முன்னே வீசப்படுவதை அவை தடுக்கவில்லை. தோள், இடுப்பு ஆகிய இரண்டையும் ஒரே பட்டையால் மூன்று முனைகளில் பிடித்து, பூட்டை இடுப்பின் பக்கவாட்டில் வைத்தார் போலின். ஒரு கையால் மாட்டலாம். ஒரே அழுத்தில் விடுவிக்கலாம். மோதலில் விடாத பிடியும், தீப்பற்றினால் தடுக்காத விடுப்பும் அதில் ஒன்றாயின. 1959இல் அது மகிழுந்துகளில் வந்தது. காப்புரிமை பெற்றிருந்தும், பிற நிறுவனங்களும் பயன்படுத்துமாறு வால்வோ அதனைத் திறந்துவிட்டது. இன்று நம் ஊர் வாடகை மகிழுந்திலும் இருப்பது அவ்வடிவமே. அது இருக்கைக்குப் பின்னால் செருகி மறைக்கப்பட்டிருப்பதும் உண்டு.

அரியலூர் மண்ணில் இவற்றைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அதிகாலையில், அரியலூருக்கு அருகே வெள்ளம் பெருகிய மருதையாற்றில் பாலம் சிதைந்து, தூத்துக்குடி விரைவுவண்டி வீழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அப்பெருந்தன்மையை ஆண்டுதோறும் மேடைகளில் எடுத்துரைக்கிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். பாலம் ஏன் சிதைந்தது, வெள்ளத்தின் அளவை ஓட்டுநருக்கு முன்கூட்டியே அறிவிக்க என்ன ஏற்பாடு வேண்டும் என எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நான் கற்பிக்கவில்லை என்பதே சரியாக இருக்கும்.

சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் இரவும் பகலும் விரையும் சாலை எங்களுடையது. மேல்நிலை வகுப்பு மாணவர் சிலர் தலைக்கவசத்துடன் இருசக்கர வண்டியில் வருவதைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன். அருகில் சென்று பார்த்தபோது தாடைப்பட்டை கட்டப்படாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வண்டி சரியும் கணத்தில், தலை தரையைத் தொடுவதற்கு முன்பே அக்கவசம் கழன்று உருண்டோடிவிடும். காவலர் கண்ணுக்குக் கவசம் உண்டு, தலைக்கு இல்லை. 47.8ஆவது நொடியில் பிரிந்த இணைப்பிக்கும் அந்தப் பட்டைக்கும் என்ன வேறுபாடு என்று அன்று வகுப்பில் கேட்டேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அது தானாகக் கழன்றது, இதை நாங்கள் மாட்டவே இல்லை" என்றார்.

அன்று மாலை அவர்களை அழைத்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். கடந்துசென்ற கரும்பு வண்டிகளில், ஆணியின் அடியில் கம்பி உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை எனக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். இருட்டும்வரை எண்ணினார்கள்.