துப்பாக்கிக்கு எந்தப் பசை?

ஆபீஸில் ஆணி அதிகம். மூன்று மாதமாக இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேற்று பாலேவாடி ரேஞ்சில் இன்னொரு பையனின் அப்பா, "நீங்க பசை கம்பெனிக்காரராச்சே, ரைஃபிள் பெட்டிங்குக்கு எந்த எபாக்ஸி வாங்கலாம்?" என்று இந்தியில் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பிள்ளைகளை ஷூட்டிங்கில் சேர்த்திருக்கும் நம்மூர்க் குடும்பங்கள் வெளிமாநிலங்களில் நிறைய உண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டிலும் ஆரம்பித்தது.

பெட்டிங் என்றால் பந்தயம் கட்டுவது இல்லை மக்களே. ரைஃபிளின் இரும்புப் பாகம் மரக்கட்டையில், அதாவது ஸ்டாக்கில், உட்காரும் இடத்தை எபாக்ஸியால் அச்சு மாதிரி நிரப்புவது. வால்நட் மரமே ஆனாலும் மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பும், வெயிலில் சுருங்கும். அடியில் மரம் அசைந்தால் மேலே இரும்பு வளையும். 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு வெறும் 10.4 மில்லிமீட்டர். அங்கே தலைமுடி அளவு வளைவும் கணக்குத்தான்.

இப்போது கொஞ்சம் கொசுவத்தி. கிளப் என் மகளுக்கு ஒதுக்கியது ஒரு பழைய ஜெர்மன் .22. புனே மழை தொடங்கியதும் குண்டுகள் இரண்டு கும்பலாக விழ ஆரம்பித்தன. கிளப்புக்கு வேலை செய்யும் லைசென்ஸ் உள்ள மெக்கானிக் காகா, "பெட்டிங் போயிடுச்சு அண்ணா. பசை உங்க டிபார்ட்மென்ட், நீங்களே வாங்கிட்டு வாங்க" என்றார். போட்டிக்கு ஒன்பது நாள்தான். இருபது வருஷம் எபாக்ஸியோடு குப்பை கொட்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? சீக்கிரம் முடியட்டும் என்று ஐந்து நிமிடத்தில் இறுகும் ரகத்தை வாங்கிக் கொடுத்தேன்.

கலக்கும்போதே கிண்ணம் சுட்டது. இரும்பு முழுதாக உட்காருவதற்குள் பாதி இறுகிவிட்டது. வெளியே பார்க்க அழகு, உள்ளே ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் காற்றுப் பொந்து. போட்டியில் அவளுக்கு வரிசையாக எட்டுகள். திரும்பி வரும்போது காரில், "நான்தான் ட்ரிக்கரை இழுத்துடறேனாப்பா?" என்றாள். அடுத்த ஒரு மாதம் இல்லாத தப்பைத் தன் கையில் தேடிக்கொண்டிருந்தாள். தங்கமணி என்னிடம் பேசவே இல்லை.

பிறகு காகா டயல் கேஜை வைத்து ஒரு திருகைத் தளர்த்திக் காட்டினார். முள் ஆடக்கூடாது, 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பரவாயில்லை. எங்களுடையது துள்ளிக் குதித்தது. அதை வீடியோ எடுத்து மகளிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே என் கட்சி இதுதான். பிராண்டைப் பார்க்காதீர்கள், நான்கு குணங்களைப் பாருங்கள்.

ஒன்று, மெதுவாக இறுக வேண்டும். வேலை செய்ய அரை மணியாவது கிடைக்க வேண்டும், முழுதாக இறுக ஒரு நாள் ஆனாலும் சரி. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டி ஊற்றுவது சுத்த அபத்தம். பங்கு தவறினால் பசை மெத்தென்றே நிற்கும்.

இரண்டு, சுருங்கக் கூடாது. இரும்புத் தூளோ அலுமினியத் தூளோ கலந்த எபாக்ஸி குறைவாகச் சுருங்கும், அழுத்தத்துக்கும் தாங்கும். கார் டிங்கரிங் கடையில் கிடைக்கும் பட்டி எபாக்ஸியே இல்லை, பாலியெஸ்டர். நன்றாகச் சுருங்கும். வேண்டாம்.

மூன்று, பதம். தண்ணியாக இருந்தால் ட்ரிக்கர் குழிக்குள் ஓடிவிடும். குழாய்க்கசிவுக்குப் பிசையும் எம்-சீல் மாதிரி கெட்டியாக இருந்தால் மூலைக்குப் போகாது. இட்லி மாவை விடக் கெட்டி, சப்பாத்தி மாவை விடத் தளர்வு.

நான்கு, சூடு. சாதாரண எபாக்ஸிகள் 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். மே மாத வெயிலில் பூட்டி நிறுத்திய கார் டிக்கியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அக்ராகிளாஸா, டெவ்கானா, மரீன்-டெக்ஸா என்று அமெரிக்காக்காரர்கள் அடித்துக்கொள்வார்கள். மூன்றும் நல்ல சரக்குதான். ஆனால் கப்பலில் வந்தால்தான் பசையா? தேய்ந்த ஷாஃப்டையும் பம்ப் உறையையும் சரிசெய்ய நம் தொழிற்பேட்டைக் கடைகளில் விற்கும் உலோகத்தூள் எபாக்ஸியும் இதே குடும்பம்தான். மேலே சொன்ன நான்கும் அதன் தகவல் தாளில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

பசையை விட முக்கியம், ஒட்டாமல் இருக்கப் பூசும் மெழுகு. இரும்பில் மெழுகு பாலிஷ் இரண்டு கோட், ஓட்டைகளில் எல்லாம் களிமண். ஒன்றை மறந்தாலும் ரைஃபிளும் கட்டையும் ஜென்மத்துக்கும் பிரியாது. திருகை முறுக்கி இறுக்கி வைத்துக் காய விடவும் கூடாது. அந்த வளைவு அப்படியே பதிந்துவிடும்.

காகா பழையதைச் செதுக்கி எறிந்துவிட்டு மெதுரகத்தை ஊற்றினார். ஒரு நாளில் கழன்றுவிடும் என்றாலும் மூன்று நாள் தொடவே விடவில்லை. இப்போது முள் ஆடவில்லை. மகளுக்கு எட்டு இன்னும் எப்போதாவது விழுகிறது. "இது என் தப்புதான்ப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

டிஸ்கி: துப்பாக்கி ரிப்பேருக்கு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். பசை வாங்குவது மட்டும் உங்கள் வேலை, உளியை எடுக்காதீர்கள்.