மூக்கைத் தூக்கும் முன்னாடி டேப்பை எடுங்க சாமி!

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் புது பிக்கப் வாங்கியிருக்கான். சாவி கைக்கு வந்து நாலு நாள் ஆகல, அதுக்குள்ள வந்து நிக்கிறான். "அண்ணே, முன்னாடி குனிஞ்சு பின்னாடி தூக்கிட்டு நிக்குது, அசிங்கமா இருக்கு. லெவலிங் கிட் ரெண்டரை இஞ்ச் போடவா, மூணு போடவா?"

டெக்சாஸ்ல இது ஒரு தொத்து வியாதி மக்களே. வண்டி வாங்கின மறுவாரமே மூக்கைத் தூக்கியாகணும். கம்பெனிக்காரன் என்ன கண்ணு தெரியாமலா அப்படி வச்சான்? பின்னாடி பெட்ல அரை டன் ஏத்தினா, இல்ல டிரெய்லர் மாட்டினா, பின்பக்கம் இறங்கும். அப்போ வண்டி மட்டமா நிக்கணும்னுதான் சும்மா இருக்கும்போது பின்னாடி தூக்கலா இருக்கு. மட்டம் பண்ணிட்டு அதே டிரெய்லரை மாட்டுங்க. மூக்கு வானத்தைப் பாக்கும், முன் டயர்ல பாரம் குறையும், ஸ்டீயரிங் லேசாயிடும். ஹைவேல 70 மைல் வேகத்துல அது நல்லதுக்கில்ல.

வட கரோலினாவுல பின்னாடியை இறக்கி மூக்கைத் தூக்குற கூத்து முத்திப்போய், முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரை விட 4 இஞ்ச், அதுக்கு மேல உசந்தா குத்தம்னு 2021 டிசம்பர்ல சட்டமே வந்துச்சு. லெவலிங் அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனா வியாதி ஒண்ணுதான்.

ரொம்ப யோக்கியன் மாதிரி பேசுறேன்ல? நானும் பண்ணவன்தான். பழைய வண்டிக்கு மலிவா ஒரு அலுமினிய ஸ்பேசர் வாங்கி ஸ்ட்ரட் தலையில வச்சேன். ஸ்ட்ரட் கீழ் ஆர்மோட நடுவாக்குல உக்காருது. அதனால ஒரு இஞ்ச் ஸ்பேசர் போட்டா சக்கரத்துக்கிட்ட கிட்டத்தட்ட ரெண்டு இஞ்ச் ஏறும். இது தெரியாம ரெண்டு இஞ்ச் தடிமன் தேடி அலைஞ்ச மேதாவி நான். (இஞ்சினியரிங் டிகிரி வேற!) காசு மிச்சம்னு அலைன்மென்ட் பாக்கல. முன் டயர் ரெண்டும் ஒரு ஓரமா மொட்டை. மிச்சம் பிடிச்ச காசு அங்க போச்சு.

அதை விடுங்க. ஹெட்லைட்டை இறக்கல. எதிர்ல வர்றவன் எல்லாம் லைட் அடிச்சான், நம்ம வண்டி அழகுல மயங்கிட்டான்னு நெனச்சேன். ஒரு ராத்திரி ரெண்டு வழிச் சாலையில எதிர்ல வந்த கார் கண்ணு கூசி ஓரத்து மண்ணுல இறங்கி நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அன்னிக்கு வீட்டுக்கு வந்துதான் கணக்குப் போட்டேன். வீல்பேஸ் சுமார் 145 இஞ்ச். முன்னாடி 2 இஞ்ச் ஏத்தினா, 25 அடி தள்ளி இருக்குற சுவத்துல வெளிச்சம் ஆறு இஞ்ச் மேல போகுது. ஹெட்லைட் பக்கத்துல ஒரு ஸ்க்ரூ. அஞ்சு நிமிஷ வேலை. அதைத்தான் செய்யாம விட்டிருந்தேன்.

சரி, போட்டே தீருவேன்னா? டிரெய்லர் இழுக்குறவன் போடாதே. மத்தவங்க ஸ்பேசரை விட்டுட்டு, பில்ஸ்டீன் 5100 மாதிரி ஸ்பிரிங் தட்டை உசத்துற ஷாக் பாருங்க. ஸ்பேசர் ஸ்ட்ரட்டையே கீழ தள்ளுது. சக்கரம் தொங்கும்போது பால் ஜாயின்ட்டும் சிவி ஆக்சிலும் கம்பெனி நெனச்சதை விடக் கீழ மடங்கும், ரப்பர் பூட் கிழியும். தட்டை உசத்தினா சக்கரம் இறங்குற எல்லை மாறாது. அதுலயும் வினை உண்டு: தொங்க இடம் கம்மி, பெரிய பள்ளத்துல டொம்முனு தட்டும். அதான் ரெண்டு இஞ்சோட நிறுத்துங்கன்றேன். எதைப் போட்டாலும் அலைன்மென்ட் காசையும் சேத்தே பட்ஜெட் போடுங்க.

தம்பிகிட்ட நாலு ஃபெண்டரையும் அளந்துட்டு வாடான்னு சொன்னேன். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒண்ணே கால் இஞ்ச்தான். இதுக்கு மூணு இஞ்ச் கிட்டு கேக்குது தொரைக்கு! அடுத்த மாசம் போட் வாங்கப் போறானாம், இழுத்துட்டுப் போக. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன், இட்லியும் திட்டும் ரெடி :-)