படம் வந்தது, குரல் வரவில்லை

சென்ற ஆண்டு மே மாதம் சாஆவில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கைகழுவும் முன்பே, “தம்பி, பெரியப்பா பேசின வீடியோவ அழிக்கப் போறாங்களாமே?” என்று கேட்டார்.

2020 செப்டம்பரில் தங்கையின் திருமணம் வீட்டிலேயே நடந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். ஜொகூர் பாலமும் மூடிக்கிடந்தது. சிங்கப்பூர் உறவினர் யாரும் வர முடியவில்லை. தங்கையின் தோழி முகநூலில் நேரலை போட்டார். தாலி கட்டி முடிந்ததும் பெரியப்பா கைப்பேசியைப் பார்த்து, வராத ஒவ்வொருவரையும் முறை சொல்லி அழைத்து இரண்டு நிமிடம் பேசினார். அடுத்த ஆண்டு அவர் இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

பெரியம்மா கேட்டது சரிதான். 2025 பிப்ரவரி 19 முதல் முகநூலில் புதிய நேரலைகள் 30 நாள் மட்டுமே இருக்கும். பழையவையும் கட்டம் கட்டமாக நீக்கப்படும். பதிவிட்டவருக்கு அறிவிப்பு வந்ததிலிருந்து 90 நாள் அவகாசம். தோழிக்கு அறிவிப்பு வந்துவிட்டது. “நானே எடுத்துத் தர்றேன்” என்று வாய்விட்டு, மடிக்கணினியைத் திறந்தேன்.

உலாவியில் காணொலி இறக்கும் நீட்சி ஒன்று ஏற்கெனவே இருந்தது. பொத்தானை அழுத்தினேன். கோப்பு வந்தது, படமும் ஓடியது. பெரியப்பா வாய் அசைத்தார். சத்தம் இல்லை. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

பலருக்கும் இதே சிக்கல் வந்திருக்கும். காரணம் எளிது. பெரிய தளங்கள் படத்தையும் ஒலியையும் தனித்தனியாக அனுப்புகின்றன; உலாவி இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. என் நீட்சி படத்தை மட்டும் பிடித்திருந்தது. இரண்டையும் இணைக்க எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவச மென்பொருள் வேண்டும். ஆனால் நீட்சி தானாகக் கணினியிலுள்ள மென்பொருளை இயக்க உலாவி விடாது. அதனால்தான் சில நீட்சிகள் ‘துணைச் செயலியையும் நிறுவுங்கள்’ என்று கேட்கின்றன. நான் அதைப் படிக்காமல் மூடியிருந்தேன். நீட்சியைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து அதை நிறுவினேன்.

இரண்டாம் முயற்சி பாதியில் நின்றது. நீண்ட காணொலிகள் சில விநாடித் துண்டுகளாக வருகின்றன. அவற்றின் முகவரிகளுக்குக் காலக்கெடு உண்டு. நான் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு நெடுநேரம் கழித்து அழுத்தியிருந்தேன். பக்கத்தைப் புதுப்பித்து, காணொலியைச் சில விநாடி ஓடவிட்டு, உடனே இறக்கத் தொடங்க வேண்டும். கணினி உறங்கிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை, சேமிக்க முடியவில்லை என்றது. காணொலியின் தலைப்பில் கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் இருந்தன. விண்டோஸ் கோப்புப் பெயரில் அவற்றை ஏற்காது. ‘கல்யாணம்’ என்று பெயர் மாற்றினேன். இறங்கியது.

உங்கள் நீட்சி காணொலியையே கண்டுகொள்ளவில்லையா? விளம்பரத் தடுப்பான் போன்ற மற்ற நீட்சிகளைச் சற்று நேரம் அணைத்துப் பாருங்கள். பழைய நீட்சியாக இருந்தால் குரோம் அதை முடக்கியிருக்கலாம், பயர்பாக்ஸில் முயலுங்கள். பென்டிரைவில் ஏற்றும்போது மறுத்தால், கோப்பு 4 ஜிபியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென்டிரைவ் அதற்கு மேல் ஒரே கோப்பாக ஏற்காது.

இரண்டு எச்சரிக்கை. நெட்பிளிக்ஸ் போன்றவற்றின் படங்கள் பூட்டிட்டு வருகின்றன. அவற்றை இறக்கித் தருவதாகச் சொல்லும் நீட்சிகளை நம்பாதீர்கள். யூடியூப்பில் அதன் சொந்தப் பதிவிறக்கப் பொத்தானைத் தவிர மற்ற வழிகளை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. அடுத்தது, இவ்வகை நீட்சிகள் நீங்கள் திறக்கும் எல்லாப் பக்கங்களையும் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அதே உலாவியில்தான் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம். வேலை முடிந்ததும் நீட்சியை நீக்கிவிடுங்கள்.

அன்றிரவு பத்து மணி தாண்டிவிட்டது. கோப்பின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டேன். பெரியப்பா என் அப்பாவை “டேய் சின்னவனே” என்றபோது அவர் திரையைப் பார்க்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மறுநாள் தோழிக்குப் புலனத்தில் நன்றி சொன்னேன். அவர் தம் கணக்கிலிருந்தே பதிவிறக்கப் பொத்தானை அழுத்தி, மதியத்துக்குள் அதே காணொலியை இன்னும் தெளிவாக அனுப்பிவிட்டார். நான் முதலில் செய்திருக்க வேண்டியது அதைத்தான்: பதிவிட்டவரைக் கேட்பது.

இப்போது பெரியம்மாவிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒன்று. உங்கள் குடும்பத்தில் யாருடைய குரல் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது? இந்த வாரமே தேடிப் பாருங்கள்.