பல்லை நோக்குமுன் நாவை நோக்குக

பல்வரிசை குலைந்த பிள்ளையைக் காணின் நாம் பல்லையே நோக்குகின்றோம். அப்பல்லை நாள்தோறும் நெருக்கும் நாவினையும் அணைக்கும் இதழினையும் நோக்குவார் சிலரே. ஜூபிலி மலரில் இப்பொருளோ என வியப்பாரும் உளர். நம் பழைய மாணவருள் பல்வைத்தியரும் பொதுவைத்தியரும் சுகாதார உத்தியோகத்தரும் ஆசிரியரும் பலராதலின், அவர்முன் இதனை வைத்தல் தகுமென எண்ணினோம்.

வாய்முகத் தசைப்பயிற்சிச் சிகிச்சை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்கப் பல்லொழுங்கு வைத்தியரான அல்பிரட் றோஜர்ஸ் 1918ஆம் ஆண்டிலேயே முகத்தசைப் பயிற்சிகளைப்பற்றிக் கட்டுரை வரைந்தார். இதன் அடிப்படை எளிது. ஓய்வில் இதழ்கள் மூடியிருத்தல் வேண்டும். நா மேலண்ணத்திற் படிந்திருத்தல் வேண்டும். மூச்சு மூக்கின்வழி இயங்கல் வேண்டும். விழுங்கும்பொழுது நா பற்களிடையே நுழையாதிருத்தல் வேண்டும். நுனிநாவின் இருப்பிடத்தைத் தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டுதல் அரிதன்று. 'ன்' என ஒலித்து, நா ஒற்றிய இடத்திலேயே அதனை நிறுத்தச் சொன்னாற் போதும்.

எழுத்துப் பிறத்தற்குரியனவாகத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டினையும் ஒருங்கெண்ணினார் தொல்காப்பியர். நாமோ பல்லை ஒருவரிடமும் மூக்கை மற்றொருவரிடமும் ஒப்புவித்து, நாவை எவரிடமும் ஒப்புவியாது விட்டோம். இதன் விளைவு யாது? கம்பியிட்டுப் பல்லை ஒழுங்குசெய்யப் பெற்றோர் பெரும்பொருள் செலவிடுகின்றனர். கம்பி கழன்றபின்னும் நா முன்போலவே தள்ளிக்கொண்டிருப்பின் பற்கள் மீண்டும் விலகக்கூடும். ஹாவோல்ட் முதலியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கு அடைக்கப்பட்டு வாயால் மூச்சுவிடப் பழகிய குரங்குகளின் பல்லமைப்பும் தாடையும் திரிந்தமை காணப்பட்டது.

கேடு பல்லளவில் நிற்பதுமன்று. பிறேசில் நாட்டில் நடைபெற்று 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாளர் 31 பேர் பங்குகொண்டனர். அவருள் மூன்று மாதம் நாவிற்கும் தொண்டைக்கும் பயிற்சி செய்தோரிடம், மணிக்கு ஏறத்தாழ 22 முறை நேர்ந்த தடை 14 அளவிற்குக் குறைந்தது.

வகுப்பில் வாய்பிளந்து தூங்கிவழிந்த மாணவனை 'மந்தன்' என்றிகழ்ந்து வாங்கின்மேல் ஏற்றிய காலம் நம்முட் பலர்க்கு நினைவிருக்கும். அவனுடன் இருந்த நாமும் சிரித்தோம். அவன் இரவில் நன்கு உறங்கினானா என்று எவரும் வினவவில்லை.

மிகைபடக் கூறல் எம் நோக்கமன்று. இத்துறையில் ஆய்வுகள் பல சிறியன. நீண்டகாலப் பயன் இன்னும் உறுதியாக நிறுவப்படல் வேண்டும். பயிற்சியோ பல மாதம் நாள்தோறும் செய்யப்படுவது; பிள்ளையும் பெற்றோரும் ஒத்துழையாவிடின் பயன் விளையாது. மூக்கடைப்பு, அடினோயிட் அல்லது தொன்சில் வீக்கம், நாக்கட்டு என்பன உளவோவென முதலில் ஆராய்தல் வேண்டும். அடைபட்ட மூக்குடைய பிள்ளையை வாயை மூடென அதட்டுதல் சிகிச்சையன்று, கொடுமையே.

ஆயினும், ஐயம் உண்டென்பதனால் வாளாவிருத்தல் முறையாகாது. பல்வைத்தியர் பல்லைப் பார்க்குமுன் ஒரு நிமிடம் பிள்ளையின் இதழையும் நாவையும் மூச்சையும் கவனிக்க. வேண்டுழிக் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடமும் பேச்சுச் சிகிச்சையாளரிடமும் அனுப்புக. பேராதனையிற் பல்வைத்தியம் பயில்வாரும் களனியிற் பேச்சுச் சிகிச்சை பயில்வாரும் ஒரு நோயாளியின்முன் ஒருங்கிருந்து கற்கும் வாய்ப்பினைப் பல்கலைக்கழகங்கள் அமைக்க. இவற்றிற்குப் பெரும் பொறியோ பெரும் பணமோ வேண்டா.

ஆசிரியரான நண்பர்க்கும் ஒரு வேண்டுகோள். வாய்பிளந்திருக்கும் பிள்ளையை அடுத்தமுறை காணும்போது, அதட்டுமுன் அருகழைத்து, "தம்பி, மூக்காலே மூச்சுவிட முடிகின்றதோ?" என்று வினவுங்கள். அன்று நாம் வினவாது விட்டது அவ்வொரு வினாவே.