பிடிச்சண்டைப் பயிற்சி தெருவில் உதவுமா? மார்க்கமும் சட்டமும் வகுக்கும் எல்லை

ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்த கபீப் நூர்மகமதோவ், 29 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 2020ல் ஓய்வு பெற்றார். எதிராளியைக் கட்டிப்பிடித்து வீழ்த்தித் தரையோடு அழுத்தும் அவரது பாணியைக் கைப்பேசியில் பார்த்த நம் பிள்ளைகள், "ஜியு-ஜிட்சு கற்கலாமா?" என்று கேட்கிறார்கள். அமீரகத்தில் பள்ளிப் பாடத்திலேயே அதைச் சேர்த்திருக்கிறார்கள்.

கற்பதற்குத் தடையில்லை. நபி (ஸல்) அவர்கள் ருகானாவுடன் மல்யுத்தம் செய்து வீழ்த்தியதாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் விமர்சனமும் உண்டு. முகத்தில் அடிப்பதை நபியவர்கள் தடுத்திருப்பதோ ஆதாரப்பூர்வமானது. அந்த வகையில், முகத்தில் குத்தாத பிடிச்சண்டை குத்துச்சண்டையைவிட மேலானது. அவ்ரத் மறைய வேண்டும், ஆண்களும் பெண்களும் தனித்தனியே பயில வேண்டும் என்பவை நிபந்தனைகள்.

ஆனால் பயிற்சி விரிப்பு வேறு, தெரு வேறு. விரிப்பில் எதிராளி ஒருவர்தான், கத்தி கிடையாது, கையால் தட்டினால் விட்டுவிடுவார். தெருவில் கீழே கான்கிரீட். நீங்கள் ஒருவனைத் தரையில் அழுத்திக்கொண்டிருக்கும்போது அவன் கூட்டாளி உங்கள் தலையில் உதைக்கலாம். எனவே தற்காப்புக்கு உண்மையில் உதவுபவை எளிய பாடங்கள்தாம்: பிடித்த கையை விடுவிப்பது, விழும்போது தலையைக் காப்பது, மேலே ஏறி அமர்ந்தவனைத் தள்ளி எழுவது, எழுந்ததும் ஓடுவது. நம் பெண்பிள்ளைகளுக்கு இவை மிகவும் அவசியம்.

மிக ஆபத்தானது கழுத்துப் பிடி. மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைபட்டால் சில விநாடிகளிலேயே மனிதன் மயங்கிவிடுவான். அதன்பிறகும் விடாவிட்டால் உயிர் போகும். 2023 மே 1 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில், மனநலம் குன்றிய வீடற்ற ஒருவர் பயணிகளிடம் கூச்சலிட்டார். முன்னாள் மரைன் படை வீரர் ஒருவர் பின்னாலிருந்து கழுத்தை வளைத்துப் பல நிமிடங்கள் பிடித்திருந்தார். அந்த மனிதர் இறந்தார். 2024 டிசம்பரில் ஜூரிகள் அந்த வீரரை விடுவித்தனர். தீர்ப்பு எதுவானாலும், போன உயிர் திரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் நம் ஃபிக்ஹ் கலை வழிகாட்டுகிறது. தாக்க வருபவனைத் தடுப்பது பற்றி இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் தனிப் பாடமே உள்ளது. இலேசான வழியில் தடுக்க முடிந்தால் கடுமையான வழிக்குப் போகக் கூடாது. தப்பி ஓட முடிந்தால் ஓடுவதே கடமை, சண்டையிடுவது கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. ஓடுவது கோழைத்தனம் என்று எண்ணும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நாட்டின் சட்டமும் இதற்கு நெருக்கமானதே. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்ய 37ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. தாக்கியவன் அடங்கிய பிறகும் பிடியை இறுக்கினால் அது தற்காப்பல்ல, குற்றம்.

2018ல் ஒரு போட்டியில் வென்ற கையோடு கபீப், கூண்டைத் தாண்டிக் குதித்து எதிரணியினர்மீது பாய்ந்தார். ஒன்பது மாதத் தடையும் ஐந்து இலட்சம் டாலர் அபராதமும் பெற்றார். பிறரை வீழ்த்துபவனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியை, பயிற்சிக்கு அனுப்பும் முன் பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

வலிமையையும் நிதானத்தையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் வழங்குவானாக! ஆமீன்.