பதின்மூன்று வயதில் ஒரு சங்கம்

ஜூன் மாதம் பள்ளிக்கூடங்கள் திறந்ததும் தருமபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என எல்லா ஊர்களிலும் பிள்ளைகளுக்குச் சிறு சிறு பொறுப்புகள் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. வகுப்புத் தலைவர், பள்ளி மாணவர் தலைவர், நாட்டு நலப்பணித் திட்டக் குழுவின் தலைவர் என்று அவற்றுக்குப் பெயர்கள் பல. அப்பொறுப்பைப் பெற்ற நம் வீட்டுப் பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, மகிழ்ச்சியோடு ஓடிவந்து செய்தியைச் சொல்லும்போது, "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த வேலையெல்லாம்? வேண்டாமென்று டீச்சரிடம் சொல்லிவிடு" என்ற பதிலே பல வீடுகளில் கிடைக்கின்றது.

பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. மாலையில் நேரங்கழித்து வரவேண்டியிருக்கும். கிராமத்துக்குச் செல்லும் பேருந்து போய்விடும். மதிப்பெண் குறைந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தருமபுரி, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாகத்தான் இருந்தது. இங்கே ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளையைப் பெற்றவர்கள் பொத்திப் பொத்தி வளர்ப்பது இயற்கைதானே! ஆயினும், பொறுப்பு ஏற்பது படிப்புக்குப் பகை என்ற எண்ணம் நம் மார்க்கத்தின் வரலாற்றோடும் ஒத்துவரவில்லை. நம் சமுதாயத்தின் அண்மைக்கால வரலாற்றோடும் ஒத்துவரவில்லை.

அம்ரு இப்னு ஸலிமா (ரலி) அவர்களின் வரலாற்றை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். பயணிகள் கடந்து செல்லும் ஒரு நீர்த்துறையருகே அவர்களது குலத்தார் வாழ்ந்து வந்தனர். வருவோர் போவோரிடம் கேட்டுக் கேட்டே அச்சிறுவர் திருக்குர்ஆன் வசனங்களை நெஞ்சில் பதித்துக்கொண்டார். மக்கா வெற்றிக்குப் பின் அக்குலத்தார் இஸ்லாத்தைத் தழுவியபோது, குர்ஆனை அதிகம் அறிந்தவரே தொழுகை நடத்தவேண்டும் என்ற கட்டளையை அவருடைய தந்தையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து கொண்டுவந்தார். தேடிப் பார்த்தால் அச்சிறுவரைக் காட்டிலும் அறிந்தவர் எவருமில்லை! ஆறு அல்லது ஏழு வயதுப் பாலகர் இமாமாக முன்னே நின்றார். அவர் போர்த்தியிருந்த துணியோ சிறியது. ஸஜ்தாவுக்குக் குனிந்தால் மேலேறிவிடும். ஒரு பெண்மணி இதைச் சுட்டிக்காட்டவே, குலத்தார் துணி வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தனர். அந்தச் சட்டையால் அடைந்த மகிழ்ச்சியைப் போல் வேறெதனாலும் அடைந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்கள் நினைவு கூர்ந்தார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இமாமத் பற்றிய சட்டம் பேசும்போதுதான் எடுத்துச் சொல்கிறோம். எனக்கோ அந்தச் சட்டையின் மீதுதான் கண். கற்றதனால் ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு வந்தது. அப்பொறுப்பில் ஒரு குறை தெரிந்தபோது, பிள்ளையை விலக்காமல் குறையைத் தீர்த்து வைத்தார்கள் ஊரார். பேருந்து போய்விடுமே என்று பொறுப்பைத் துறக்கச் சொல்லும் நாம், பிள்ளையை அழைத்துவர ஓர் ஏற்பாடு செய்ய இயலாதா என்று எண்ணிப் பார்க்கிறோமா?

இனி நம் காலத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் பிறந்த முஹம்மது இஸ்மாயீல் என்னும் நெல்லைச் சிறுவர், 1909ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பதின்மூன்று. பிற்காலத்தில் கண்ணியத்திற்குரிய காயிதெ மில்லத் என்று நாடே அழைத்த பெருமகனார் அவரே. ஒரு சங்கம் நடத்துவதென்றால் என்ன? நாலுபேரைக் கூட்டவேண்டும், வராதவரை வீடுதேடிச் சென்று அழைக்கவேண்டும், மாறுபட்டுப் பேசுபவரையும் பொறுத்துக் கேட்கவேண்டும், பிறர் கொடுத்த காசுக்குக் கணக்கு வைக்கவேண்டும். பாடப்புத்தகத்தில் இவற்றுக்குப் பக்கம் கிடையாது. தமிழகத்தின் ஆலிம் பெருமக்களை ஒருங்கிணைக்க 1918இல் மஜ்லிஸுல் உலமா உருவானபோது அதில் முனைந்து நின்றவர்களுள் இளைஞரான இஸ்மாயீல் அவர்களும் ஒருவர் என்பதைப் பார்க்கும்போது, பேட்டைச் சங்கத்தில் பெற்ற பயிற்சி வீண்போகவில்லை என்றே கொள்ளவேண்டும்.

1920ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று, பி.ஏ. தேர்வை எழுதாமலே அவர் கல்லூரியைத் துறந்தார். "அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்; பொதுவாழ்வு படிப்பைக் கெடுத்துவிட்டதே!" என்று பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிமை நாட்டின் நெருக்கடியில் எடுத்த முடிவு அது; இன்றைய பிள்ளைகள் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் தேர்வைத் துறந்தவர் கல்வியைத் துறந்தாரில்லை. தென்னகத்து முஸ்லிம்கள் சொந்தமாகக் கல்லூரிகளை எழுப்பவேண்டும் என்று ஓயாது வலியுறுத்தினார். அவர் தலைமை வகித்த காலத்தில்தான், 1948இல் கேரளத்து ஃபாரூக் கல்லூரியும், 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் எழுந்தன. அரசியல் நிர்ணய சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தபோது தமிழின் தொன்மையையும் தகுதியையும் எடுத்துரைத்தவரும் அவரே. 1972ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பட்டம் பெறாத அவருடைய பெயரை 1974இல் தொடங்கப்பட்ட சென்னை அரசினர் மகளிர் கல்லூரி தாங்கி நிற்கிறது.

அதே 1920ஆம் ஆண்டு, அதே அழைப்பு, வடக்கே அலிகரிலும் ஒலித்தது. அங்கே மாணவர் தலைவராகப் பெயர் பெற்றிருந்த ஜாகிர் ஹுசைன் என்னும் இருபத்துமூன்று வயது இளைஞர், தோழர்களோடு கல்லூரியை விட்டு வெளியேறினார். அக்டோபர் 29ஆம் நாள் ஜாமியா மில்லியா இஸ்லாமியா பிறந்தது. சில ஆண்டுகளில் கிலாஃபத் இயக்கம் ஓய்ந்து, பண உதவி வற்றி, ஜாமியா மூடப்படும் நிலை வந்தது. பெர்லினில் ஆராய்ச்சிப் படிப்பை முடித்திருந்த ஜாகிர் ஹுசைன் 1926இல் நண்பர்களோடு திரும்பிவந்து அதன் பொறுப்பை ஏற்றார். மாதம் 150 ரூபாய்க்கு மிகாத ஊதியத்தில் 20 ஆண்டுகள் பணியாற்றுவதென அவரும் சக ஆசிரியர்களும் உறுதி பூண்டனர். பின்னர் 1967இல் அவர் குடியரசுத் தலைவரானதை எல்லாரும் அறிவர். ஜாமியாவின் ஆரம்பப் பள்ளியில் குழந்தைகளே நடத்திய "குழந்தைகள் அரசாங்கம்" இருந்ததையும், அவர்களுக்கென வங்கியும் கடையும் இருந்ததையும் அறிந்தவர் சிலரே. மாணவப் பருவத்தில் பொறுப்பைச் சுவைத்தவர்கள் கட்டிய கல்விக்கூடம், தன் குழந்தைகளுக்கும் அதை ஊட்டியது.

(மாணவர் தலைமை என்றதும் கல்லூரித் தேர்தலும் கைகலப்பும் சுவரொட்டியுமே சிலருக்கு நினைவுக்கு வருகின்றன. அந்தத் தலைமையை நான் பேசவில்லை. அதற்கு ஆள் தேடவேண்டிய தேவையும் இல்லை.)

தருமபுரியில் இத்தகைய பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது? நிறையவே இருக்கிறது. இங்குள்ள முஸ்லிம்களில் பலர் வீட்டில் தக்னி உருதுவும் பள்ளியில் தமிழும் பேசுபவர்கள். மேடையேறித் தமிழில் பேச நாணி நிற்கும் பிள்ளைக்கு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாள்தோறும் இரண்டு வாக்கியம் சொல்லவேண்டிய மாணவர் தலைவர் பொறுப்பைக் காட்டிலும் நல்ல மருந்தில்லை. பின்னாளில் அதே பிள்ளைதான் வட்டாட்சியர் அலுவலகத்தில் தன் தாய்க்காகப் பேசவேண்டியிருக்கும்.

அடுத்தது சான்றிதழ். தமிழக அரசு 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு வழங்கியது. இராவுத்தரும் மரைக்காயரும் உள்ளிட்ட லெப்பைகள், தக்னி முஸ்லிம்கள், தூதேகுலா, மாப்பிள்ளை, அன்சார், ஷேக், சையத் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். எந்தப் பிரிவு என்று எழுதுவது, பழைய ஆவணத்தில் பெயர் வேறாக இருந்தால் என்ன செய்வது என்ற குழப்பத்திலேயே சேர்க்கை நாள் கடந்துவிடுகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தருமபுரியிலும் காரிமங்கலத்திலும் அரசுக் கல்லூரிகள் அருகிலேயே இருக்கின்றன. வழி தெரியாமையாலேயே பன்னிரண்டாம் வகுப்போடு நின்று, வயது நிரம்புமுன்னே நிக்காஹ் பேசப்படும் பெண்பிள்ளைகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஜமாஅத் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீலாது விழாவில் நாற்காலி அடுக்கவும் நோன்புக் கஞ்சி ஊற்றவும் மட்டுமே மாணவர்களை அழைக்கிறோம். அவையும் நற்பணிகளே, ஆனால் அவற்றோடு நின்றுவிடலாகாது. மஹல்லாவில் கல்லூரி பயிலும் மாணவர் இருவரையும் மாணவியர் இருவரையும் தேர்ந்தெடுத்து, ஜனவரி மாதத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கும் பிள்ளைகள் யார் யார், யாரிடம் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இல்லை, யார் வீட்டில் மேற்படிப்பை நிறுத்தும் பேச்சு நடக்கிறது என்று வீடுவீடாகக் கேட்டு எழுதட்டும். பெண்கள் இருக்கும் வீட்டுக்கு மாணவியர் செல்லட்டும். மே மாதம் தேர்வு முடிவுகள் வெளிவருமுன் அந்த நோட்டை ஜமாஅத் கூட்டத்தில் அவர்களே வாசிக்கட்டும். மாணவியர் திரைக்குப் பின்னிருந்து வாசித்தாலும் சரிதான். கல்வி நிதியில் எவ்வளவு வந்தது, யாருக்குச் சென்றது என்ற கணக்கையும் அவர்களே எழுதட்டும். முத்தவல்லி சரிபார்த்துக் கையொப்பமிட்டால் போதும்.