எடை மட்டும் பார்த்தால் போதாது

உணவுக் கோளாறு என்றாலே குண்டாகிவிடுவோமோ என்ற பயம்தான் என்று மருத்துவர்களே பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1873இல் லண்டனில் மருத்துவர் வில்லியம் கல், சாப்பிடாமல் மெலிந்துபோகும் அனோரெக்சியா நோயை விவரித்தபோது அந்தப் பயத்தை முன்வைக்கவில்லை. 1990களில் ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ பார்த்த பெண்கள் பலரும் வயிறு உப்புசம், பசியில்லை என்றே சொன்னார்கள். என் மனநல கிளினிக்கிலும் முன்பு அப்படித்தான்; கையில் ஜெலுசில் பாட்டிலோடு வருவார்கள். இப்போது வரும் பெண் செல்போனில் கலோரிக் கணக்கைக் காட்டுகிறாள். பையன்களும் வருகிறார்கள், புரோட்டீன் பவுடரும் தசை ஏக்கமுமாக. அனோரெக்சியா என்று முடிவுசெய்ய மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநலக் கையேடு 2013இல்தான் நீக்கியது, எவ்வளவு தாமதம்!

பெற்றோரே, எடை சரியாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சாப்பிட்டதும் பிள்ளை பாத்ரூமில் தாழிட்டுக்கொண்டால், வாந்தி எடுக்க விரலை விட்டதில் விரல் முட்டியில் பல் பட்ட தழும்பு தெரிந்தால், திட்டாமல் மருத்துவரிடம் கூட்டிவாருங்கள்.